இறந்த பெரியம்மாவின் அடையாள அட்டை

விசா முடியப் பதினொரு நாள் இருந்தபோதுதான், காகிதத்தில் என் அம்மா எனக்கு அம்மா இல்லை என்று தெரியவந்தது.

அதைக் கண்டுபிடித்தவர் இலங்கையில் றக்வானை டவுனில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்த, எல்லோரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் அண்ணன். சொந்த ஊர் மாவனல்லை. கொப்பி எடுப்பது அவருக்குப் பாதி வேலை. தோட்டத்து ஆட்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது மீதி வேலை. என்னைப்போல எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கு அந்தக் கடைதான் வக்கீல் வீடு.

நான் கொண்டுபோன காகிதங்களை அவர் கொப்பி மெஷினின் கண்ணாடிமேல் வரிசையாக வைத்தார். கூடலூரில் எடுத்த என் பிறப்புச் சான்று. அப்பா அம்மாவின் கல்யாணப் பதிவு. அம்மாவின் அடையாள அட்டை. அம்மாவின் தகப்பனார் இந்த நாட்டுப் பிரஜையாகப் பதிந்துகொண்ட பழைய பத்திரம். அதில் அவருடைய இரண்டு பெண்களின் பெயரும் இருந்தது. நானா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு முதலிலிருந்து மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, ஒங்கட வாப்பா ரெண்டு பேர முடிச்சாரா?"

"இல்லையே நானா."

"இந்தக் காயிதத்துல முடிச்சது மூத்தவள. இந்தக் காயிதத்துல புள்ள பெத்தது இளையவள்."

கொப்பி எடுக்க நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் ஒரு பெயர், ஆபீஸில் ஒரு பெயர் என்பது தோட்டத்தில் புதிதில்லை. அப்படி ஏதோ என்றுதான் நினைத்தேன். நானா சிரிக்கவில்லை.

"இது சிரிக்கிற விஷயமில்ல. வீட்டுல இருக்கிற உம்மா இலங்கைப் பிரஜை, சரி. ஆனா ஒங்கட பிறப்புச் சான்றுல அவட பேர் இல்ல. ஒங்கள பெத்ததுன்னு எழுதியிருக்கிறவவுக்கு ஐடி இல்ல, வோட்டு இல்ல, ஒண்டுமில்ல. அப்படி ஒரு ஆளே இல்ல. போய் உம்மாக்கிட்ட கேட்டுட்டு வாங்க."

நான் எதற்காக அந்தக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

அம்மா றக்வானை மலையில் பிறந்தவர். தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கிட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் அப்பாவுக்கு இந்தியா விழுந்தது. அம்மா அவரோடு கப்பலேறினார். கூடலூரில் நான் பிறந்தேன், அங்கேயும் தேயிலைதான். நான் பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்தை விட்டுப் புறப்பட்டவன். திருப்பூரில் துணி மடித்தேன். திருச்சூரில் ஓட்டலில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். லாரியில் கிளீனராக நாசிக் வரை போனேன். இரண்டு வருடம் மஸ்கட்டில் கட்டட வேலை. இடையில் கல்யாணம், ஒரு மகள், பிறகு பிரிவு. மகள் கூடலூரில் அவள் அம்மாவோடு இருக்கிறாள். அப்பா செத்த பிறகு அம்மா, "என் பாஸ்போர்ட்டு அந்த நாட்டுது, நான் போறேன்" என்று சொல்லி, றக்வானையில் தன் தம்பி வீட்டுக்குத் திரும்பிவிட்டார். அப்போது நான் மஸ்கட்டில் இருந்தேன். போனில்தான் சொன்னார்.

பிறகு அந்த மாமாவும் செத்து, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் அம்மா தனியாக இருந்தார். போன வருடம் மழையில் படியில் வழுக்கி இடுப்பு உடைந்தது. பக்கத்துக் காம்பரா அக்கா எனக்குப் போன் செய்தார். நான் பார்வையாளர் விசாவில் வந்தேன், நீட்டினேன், மறுபடியும் நீட்டினேன். மூன்றாம் முறை போனபோது இதற்கு மேல் முடியாது என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்கள். அம்மா அதற்குள் தடியூன்றி நடந்தார். ஆனால் தண்ணீர்க் குழாய் முப்பத்தாறு படி கீழே இருந்தது.

இங்கேயே இருக்க எனக்கு ஒரே வழி அம்மா வழியாகப் பிரஜாவுரிமை கேட்பது. கேட்கலாம் என்றார் நானா. இலங்கை, உன்னிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். இந்தியா இருக்காது. இன்னொரு நாட்டின் பிரஜையாக நானே கேட்டுப் பதிந்துகொண்ட அன்றே நான் இந்தியன் இல்லை. பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

"ரெண்டையும் வெச்சிக்கோங்களேன்" என்றார் நானா, குரலைத் தாழ்த்தாமலே. "அங்க போற நேரம் அத காட்டுங்க. இங்க வார நேரம் இத காட்டுங்க."

"மாட்டினா?"

"மாட்டினா மாட்டினதுதான்."

நான் டிக்கெட் இல்லாமல் ரயிலில் பாதி இந்தியா போனவன். ஆனாலும் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் பக்கங்களைத் திருப்பும்போது நான் அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அங்கே புறப்பட்ட முத்திரை ஒன்றில், இங்கே இறங்கிய முத்திரை இன்னொன்றில் இருந்தால் அவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே நான் உளறிவிடுவேன். அந்த வழி எனக்கு ஆகாது.

அன்று பின்னேரம் அம்மாவிடம் கேட்டேன். அவர் அடுப்படியில் பலகைமேல் உட்கார்ந்து ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டிருந்தார்.

"ஐடில இருக்கிறது யாரு பேரும்மா?"

"எங்க அக்கா பேரு."

"உனக்கு அக்கா இருந்தாங்களா?"

"இருந்தா. செத்துட்டா."

பிசைவதை நிறுத்தாமல் சொன்னார். பஞ்ச காலம். தோட்டத்தில் தலைக்கு இவ்வளவு மா என்று அளந்து கொடுத்தார்கள். அம்மாவின் அக்காவுக்குப் பதினாலு வயது. கொடகவெலப் பக்கம் வேறொரு தோட்டத்தில் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது வயிற்றோட்டம் கண்டு இரண்டே நாளில் செத்தார். அங்கேயே புதைத்துவிட்டார்கள்.

"இங்க வந்து சொல்லல. சொன்னா ஒரு ஆளு மா நின்னுரும்ல."

"அப்புறம்?"

"அக்காவுக்குத் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியிற வயசு. கிளாக்கர் ஐயா எங்க அப்பாகிட்ட, 'எங்கடா ஒன் மூத்தவ, வீட்டுல வச்சு அழகு பாக்குறியா'ன்னு கேட்டாரு. அப்பா என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி நிறுத்துனாரு. எனக்குப் பதினொன்னு. கூடை முழங்கால்ல இடிக்கும்."

அவ்வளவுதான். செக்ரோலில், தோட்டத்துச் சம்பளப் பதிவில், எந்தப் பெயர் ஏறியதோ அந்தப் பெயரில் சம்பளம், அந்தப் பெயரில் அடையாள அட்டை, பாஸ்போர்ட், கல்யாணப் பதிவு எல்லாம் வந்தன. அப்பா மட்டும் வீட்டுப் பெயரில்தான் கூப்பிடுவார். நான் பிறந்தபோது கூடலூர் ஆஸ்பத்திரியில் மனைவி பெயர் என்ன என்று கேட்டதற்கு, வாயில் வந்ததைச் சொல்லிவிட்டார். அது அம்மாவின் சொந்தப் பெயர். தாத்தாவின் பழைய பத்திரத்துக்குப் பிறகு அந்தப் பெயர் எழுதப்பட்டது என் பிறப்புச் சான்றில் மட்டும்தான்.

"காலையில வேலைக்கு ஆளெடுக்கிற பெரட்டுல அக்கா பேரக் கூப்பிட்டா மொதல்ல எனக்கு வெளங்காது, நிப்பேன். 'செவிடி'ன்னு கங்காணி திட்டுவாரு. அப்புறம் பழகிருச்சு" என்றார் அம்மா. "இப்ப என் சொந்தப் பேரக் கூப்பிட்டாத்தான் திரும்ப மாட்டேன்."

மறுநாள் நானாவிடம் சொன்னேன். அவர் காகிதங்களை மறுபடியும் அடுக்கிவிட்டு, வழி இருக்கிறது என்றார். அம்மா ஒரு சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டும்: இரண்டு பெயரும் ஒரே ஆள், அக்கா செத்துவிட்டார், நான்தான் இளையவள், இவன் என் மகன். கிராம சேவகர் உறுதி செய்து, அதில் கையெழுத்தும் வைத்துவிட்டால் பத்தரமுல்லைக் குடிவரவு ஆபீஸுக்குக் கொண்டுபோகலாம். மனு உள்ளே போய்விட்டால், முடிவு வரும்வரை இங்கே இருக்கக் கேட்டுப் பார்க்கலாம்.

"ஆனா ஒண்டு. இத குடுத்தா உம்மாட ஐடி பிழைன்னு அவங்களே சொன்ன மாதிரி. வேற எடுக்கச் சொல்லுவாங்க. அது வர எவ்வளவு நாளோ. அந்த ஐடில வேற என்ன இருக்கு?"

அந்த அட்டையில் எல்லாமே இருந்தது. முதியோர் கொடுப்பனவு இருந்தது. அதைவிட முக்கியமாக, லயத்து ஆட்களுக்குத் தருவதாகச் சொன்ன ஏழு பேர்ச், எங்கள் ஊர்க் கணக்கில் நாலரை சென்ட்டுக்குள், காணிப் பட்டியலில் அந்தப் பெயர்தான் இருந்தது. அம்மாவின் வாழ்க்கையில் முதல்முறையாக மண் என்று ஒன்று அவர் பெயரில் வரப்போகிறது. அதுவும் அவர் பெயரில் இல்லை.

ஏழு நாள் மிச்சமிருந்தபோது மகள் போன் செய்தாள். வழக்கமாக நான்தான் செய்வேன். சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினேன்.

"அப்பா, ஒண்ணு கேக்கவா? திட்டக்கூடாது."

"கேளு."

"நீங்க சிலோன்காரர் ஆயிட்டா என்னைப் பார்க்க விசா வாங்கிட்டுத்தான் வரணுமா?"

"ஆமா."

"அப்ப பள்ளிக்கூடத்துல பேரண்ட்ஸ் மீட்டிங்குக்கு விசா எடுத்துட்டு வர்ற ஒரே அப்பா நீங்கதான்."

"இப்ப மட்டும் வந்து கிழிச்சனா?"

"அதான். இப்ப விசா இல்லாமலே வரல."

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பிளஸ் ஒன் படிக்கிறாள். நான் அவளுடைய பள்ளிக்கூடத்தின் வாசலை ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். பிறகு அவள், பரவாயில்லை, பாட்டிக்கு யார் இருக்கிறார்கள் என்று பெரிய மனுஷியாகச் சொன்னாள். அதைக் கேட்டபோது அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. முன்னாள் இந்தியர்களுக்கு ஏதோ அட்டை இருக்கிறது, விசா இல்லாமல் வரலாம் என்றேன். அதற்கு என்ன காகிதம் வேண்டும் என்று எனக்கே தெரியாது.

பாறையிலிருந்து இறங்கி வருவதற்குள் முடிவெடுத்தேன். மகளுக்கு அவள் அம்மா இருக்கிறாள். என் அம்மாவுக்குத் தண்ணீர் எடுக்க ஆளில்லை. நான் பிரஜாவுரிமை எடுப்பேன், இந்தியப் பாஸ்போர்ட் போகட்டும். இந்தக் கணக்கில் எங்கோ ஒரு பிசகு இருப்பது எனக்குத் தெரியும். பிசகைத் தேட நாளில்லை.

அம்மாவிடம் சத்தியக் கடதாசியைப் பற்றிச் சொன்னேன். காணியைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன்.

"நீ இங்கயே இருந்துருவியா?"

"இருப்பேன்."

"தேயில மலையிலயா?"

"என்ன வேலை கிடைச்சாலும்."

"சரி, போவோம்" என்றார்.

கிராம சேவகரின் ஆபீஸ் தோட்டத்துக்கு வெளியே, பன்சலை என்கிற பௌத்த கோயிலுக்குக் கீழே ஒரு ஒற்றை அறை. அம்மாவை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். என் பையில் நானா தட்டச்சு செய்து கொடுத்த கடதாசி, இன்னும் கையெழுத்தில்லாமல் இருந்தது. முதலில் கிராம சேவகர் அம்மாவையும் என்னையும் பார்த்துக் கேள்வி கேட்பார், அவர் ஒத்துக்கொண்டால் சமாதான நீதவானிடம் போய்க் கையெழுத்து வைக்கலாம் என்பது நானாவின் ஏற்பாடு. எனக்கு முன்னால் ஆறு பேர் இருந்தார்கள். அம்மா பெஞ்சில் உட்கார்ந்து எல்லோரிடமும் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தார். ஒரு கிழவி அம்மாவுக்கு வெற்றிலை கொடுத்தாள். நான் கடதாசியை எடுத்து எடுத்துப் பார்த்ததில் அதன் ஓரம் என் வியர்வையில் நனைந்தது.

எங்கள் முறை வந்தது. கிராம சேவகர் என் வயதுக்காரர். பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்தார், முத்திரைத் தேதியைப் பார்த்தார், என் பிறப்புச் சான்றையும் அம்மாவின் அடையாள அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அவர் நெற்றி சுருங்கியது. பேனாவால் இரண்டு பெயரையும் தொட்டுக் காட்டினார். பிறகு அம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார்.

"மே அம்மாகே புதாத?"

இது உங்கள் மகனா என்று கேட்கிறார். அந்த அளவுக்கு எனக்குச் சிங்களம் வரும். நான் கடதாசியை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

"நே மாத்தயா" என்றார் அம்மா. "மகே நங்கிகே புதா."

இல்லை ஐயா, என் தங்கச்சியின் மகன்.

என் கை பைக்குள்ளேயே நின்றுவிட்டது. கிராம சேவகர் என் முகத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு. இருட்டில் தடவினாலே தெரியும்.

தங்கை எங்கே என்று கேட்டார்.

"நங்கி மெருணா மாத்தயா. இந்தியாவேதி."

தங்கை செத்துவிட்டாள், இந்தியாவில். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார்.

நான் வாயைத் திறந்திருக்கலாம். திறந்திருந்தால், அரசாங்க உத்தியோகத்தர் முன்னால் என் அம்மா பொய் சொல்கிறார் என்று நான் சொன்னதாக ஆகும். அந்த அட்டை பொய், அந்தக் காணி பொய், பதினொரு வயதிலிருந்து வாங்கிய சம்பளம் பொய் என்று ஆகும். நான் திறக்கவில்லை. கிராம சேவகர் காகிதங்களை என் பக்கம் தள்ளி, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார்: இறந்துபோன தாயின் வழியாகக் கேட்கவும் இடமுண்டு. தாயின் மரணச் சான்றும் விவாகச் சான்றும் கொண்டு வாருங்கள்.

எதிரே வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு மரணச் சான்று எங்கே போய் வாங்குவது? தலையாட்டிவிட்டு எழுந்தேன்.

வெளியே வந்து முச்சக்கர வண்டிக்காரரைப் போகச் சொல்லிவிட்டேன். அம்மாவோடு பேச எனக்குச் சாட்சி தேவையில்லை.

"ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"கத்தாத. பன்சலை இருக்கு."

"நாலு நாளு இருக்கு எனக்கு. சரின்னு சொல்லித்தான வந்த?"

"வந்து பாப்போம்னுதான் வந்தேன். அந்த மாத்தயா அப்புடிக் கேட்டதும் வாயில இதுதான் வந்துச்சு."

"காணிக்காகவா?"

"காணியும்தான். ஏன், காணி வேணாமா எனக்கு? எங்க அக்கா செத்த வருஷத்துல இருந்து அந்தப் பேருக்கு நான் ஒழைச்சிருக்கேன்."

தடியை மதிலில் சாய்த்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன்.

"நீ தங்க மாட்டடா. எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துல தங்கல. திருப்பூர்ல தங்கல. கட்டுனவகிட்ட தங்கல. இங்க ஒரு வருஷம் இருப்ப. அப்புறம் காலு அரிக்கும். அன்னைக்கு ஒனக்குப் போக ஒரு ஊரு வேணுமா வேணாமா? என் பேரும் போயி ஒன் பாஸ்போர்ட்டும் போயி, ரெண்டு பேரும் எந்த ஆபீஸ்லடா போயி நிக்கிறது?"

"நான் இருப்பேன்னு சொன்னேனே."

"மஸ்கட்டுக்குப் போறப்பவும் மூணு மாசத்துல வந்துருவேன்னுதான் சொன்ன."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் அந்தக் கோபம் சீக்கிரம் ஆறியிருக்கும்.

"ஒன் மககிட்ட நீ பாறையில போன் பேசுனத பக்கத்துக் காம்பராக்காரி கேட்டுட்டு வந்து சொன்னா" என்றார். "நீ போகாட்டியும் பரவாயில்ல. போக முடியாதவனா ஆயிராத."

பஸ் வந்தது. நான் அவரை ஏற்றிவிட்டேன். உட்கார இடம் கொடுத்த ஒரு பையனிடம் அம்மா சிங்களத்தில் புண்ணியம் கிடைக்கட்டும் என்றார். வளைவுகளில் பஸ் சாயும்போதெல்லாம் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

மிச்சமிருந்த நாட்களில் நான் ஒரு காரியம் செய்தேன். குழாயிலிருந்து முப்பத்தாறு படிக்கும் பிளாஸ்டிக் குழாய் வாங்கி இழுத்து, அம்மாவின் வாசல் வரை தண்ணீர் கொண்டுவந்தேன். அழுத்தம் போதாமல் காலையில் மட்டும் வரும். பக்கத்துக் காம்பரா அக்காவும் அதில் பிடித்துக்கொள்ளலாம், பதிலுக்கு அம்மாவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேச்சு. கடைசி நாள் காலையில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இந்தியப் பாஸ்போர்ட்டை நீட்டினேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர் பக்கங்களைத் திருப்பினார். நான் அவர் விரல்களைப் பார்க்கவில்லை. மறைக்க ஒன்றும் மிச்சமில்லை.

அந்த வருடம் மகளின் பள்ளிக்கூட மீட்டிங்குக்கு இரண்டு முறை போனேன். மூன்றாவதற்குப் போகவில்லை, அப்போது கோயம்புத்தூரில் ஒரு குடோனில் வேலை. அம்மா சொன்ன அரிப்புதான்.

ஐந்து மாதம் கழித்து மறுபடியும் றக்வானைக்கு வந்தேன். இந்த முறை நீட்டிப்புக்கான படிவத்தையும் நானாதான் நிரப்பினார். தங்கியிருக்கும் வீட்டின் முகவரியை எழுதினார். வீட்டுக்காரர் பெயர் என்ற இடத்தில் அடையாள அட்டையைப் பார்த்து எழுதினார். அடுத்தது, அவர் உங்களுக்கு என்ன உறவு. பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு எல்லாம் தெரியும்.

"பெரியம்மான்னு போடுங்க நானா."

போட்டார். நான் கையெழுத்து வைத்தேன்.

லயத்துக்குப் போனபோது அம்மா வாசலில் குழாயடியில், காலையில் பிடித்துவைத்த தண்ணீரில் பானை கழுவிக்கொண்டிருந்தார். தடி சுவரில் சாய்ந்திருந்தது.

"எத்தன நாளு குடுத்திருக்காங்க?"

"இப்ப முப்பது. நீட்டிக் குடுத்தா இன்னும் கொஞ்சம்."

"நீட்டுறது அப்புறம் பாப்போம்" என்றார். "முப்பது நாளுக்கு ரெண்டு கிலோ சீனி போதும். கடை பூட்டுறதுக்குள்ள போயிட்டு வா."